காயமும் கயிறும்

மலையேற்ற நூல்களை நாங்கள் சிலர் சேர்ந்து வாசிக்கத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. எங்களில் எவரும் மலையேறிகள் அல்லர். மூன்றாவது மாடிக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிற வயதை எங்களில் பாதிப்பேர் எட்டிவிட்டோம். ஆயினும் கடல்மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கிடைக்கிற எட்டாயிரம் மீட்டர் உயரத்தில், விரல்களையும் சில சமயம் உயிரையும் விலையாகக் கொடுத்து மனிதர்கள் ஏறிச்செல்லும் சித்திரம் எங்களை விடாமல் ஈர்த்தது. அந்நூல்களை வாசிக்கும் எவரும் ஏதோ ஒரு பக்கத்தில் நிமிர்ந்து அந்தப் பழைய கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே செய்வர். இவர்கள் ஏன் மீண்டும் மீண்டும் போகிறார்கள்?

ஜார்ஜ் மலோரியிடம் 1923இல் நியூயார்க்கில் ஒரு நிருபர் கேட்டதும் இதைத்தான். எவரெஸ்ட் அங்கே இருக்கிறது, ஆகவே ஏறுகிறேன் என்ற பொருளில் அவர் சொன்ன சிறுபதில் உலகப்புகழ் பெற்றது. அதை ஆழ்ந்த தரிசனம் என்போரும் உண்டு, தொல்லை தாங்காமல் சொன்ன சமாளிப்பு என்போரும் உண்டு. எப்படியாயினும் அது விடையன்று. மலை எல்லோருக்கும்தான் அங்கே இருக்கிறது. மிகச்சிலரே அதை நோக்கிப் போகிறார்கள்.

அண்மைக்காலத்தில் இக்கேள்விக்கு வேறொரு விடை செல்வாக்குப் பெற்றுவருகிறது. மாபெரும் மலையேறிகளின் பிள்ளைப்பருவத்தில் ஒரு காயம் இருக்கிறது, அந்தக் காயமே அவர்களை மேலே துரத்துகிறது என்பது அவ்விடை. வாழ்க்கை வரலாறுகளின் முதல் அத்தியாயங்கள் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவ்வுண்மை எதுவரை செல்லும், எவ்விடத்தில் அது ஓர் அபாயமான கதையாக மாறிவிடுகிறது என்பதை எங்களுக்குள் நெடுநாள் விவாதித்தோம். அவ்விவாதத்தின் சாரத்தை இங்கே தொகுத்துக்கொள்ள முயல்கிறோம்.

எங்களை மிகவும் அலைக்கழித்த ஆளுமை வாண்டா ருட்கீவிச். பெர்னதெத் மெக்டொனால்ட் போலந்து மலையேறிகளைப் பற்றி 2011இல் வெளியிட்ட நூலின் வழியாகவே அவர் எங்களை வந்தடைந்தார். 1943 பிப்ரவரி 4இல், இன்றைய லித்துவேனியாவிலுள்ள ப்ளுங்கே என்ற ஊரில் ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். போர் முடிந்ததும் எல்லைக்கோடுகள் மாற்றி வரையப்பட்டன. லட்சக்கணக்கானோரைப் போலவே அக்குடும்பமும் மேற்கே இடம்பெயர்ந்து வ்ரோத்ஸ்வாஃப் நகரில் குடியேறியது. அதுவரை பிரெஸ்லாவ் என்ற பெயரில் ஜெர்மனியிடம் இருந்து, போலந்துக்குக் கைமாறிய நகரம் அது. 1945 முற்றுகையில் அதன் பெரும்பகுதி இடிந்துபோயிருந்தது. அங்கு வளர்ந்த குழந்தைகளுக்கு இடிபாடுகளே விளையாட்டுத்திடல்.

1948இல் வாண்டாவின் ஏழு வயது அண்ணன் யூரெக், தன் தோழர்களுடன் சேர்ந்து, போரில் வெடிக்காமல் கிடந்த குண்டு ஒன்றை எடுத்து விளையாடினான். ஐந்து வயது வாண்டாவும் அந்த விளையாட்டில் சேர விரும்பினாள். பெண்பிள்ளைக்கு இங்கே இடமில்லை என்று பையன்கள் அவளைத் துரத்தினார்கள். அவள் கோபத்துடன் அம்மாவிடம் முறையிடப் போன வேளையில் குண்டு வெடித்தது என்று அவரைப் பற்றிய நூல்கள் சொல்கின்றன. யூரெக் இறந்தான். துரத்தப்பட்டதனாலேயே வாண்டா பிழைத்தாள்.

இதை வாசித்ததும் நம் மனம் உடனே கோடுகளை இழுக்கத் தொடங்கிவிடுகிறது. பெண் என்று விலக்கப்பட்டவள், பெண்கள் மட்டுமே கொண்ட மலையேற்றக் குழுக்களை அமைப்பதில் தீராத முனைப்புக் காட்டினாள். அண்ணனை இழந்தபின் வீட்டின் பொறுப்புகளை இளவயதிலேயே தோளில் ஏற்றுக்கொண்டவள், பிற்காலத்தில் குழுத்தலைவியாக எவர் சொல்லையும் எளிதில் ஏற்காதவளாக இருந்தாள். 1975இல் அவர் தலைமையில் சென்ற குழு, அன்று ஏறப்படாதிருந்தவற்றுள் மிக உயர்ந்ததான கஷர்ப்ரும் மூன்றின் உச்சியை முதன்முறையாக அடைந்தது. 1978 அக்டோபர் 16இல் எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் ஐரோப்பியப் பெண் ஆனார். அதே நாளில்தான் போலந்தைச் சேர்ந்த கரோல் வொய்த்தீவா போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981இல் எல்ப்ரூஸ் மலையில் தொடையெலும்பு முறிந்தது. மறு ஆண்டு, தான் தலைமையேற்ற பெண்கள் குழுவுடன் கே2 அடிவார முகாம் வரையிலான பல நாள் பாதையை ஊன்றுகோல்களை ஊன்றியபடியே கடந்தார். 1986 ஜூன் 23இல் கே2வின் உச்சியை எட்டிய முதல் பெண் ஆனார். அன்று அவருடன் உச்சிதொட்ட லிலியான், மொரீஸ் பராத் தம்பதியர் இறங்கும் வழியில் மறைந்தார்கள். அந்த ஒரு கோடையில் மட்டும் கே2வில் 13 பேர் இறந்தனர்.

மரணம் அவரை மலையில் மட்டும் பின்தொடரவில்லை. 1972இல் அவருடைய தந்தை, தம் வீட்டில் குடியிருந்தவர்களாலேயே கொல்லப்பட்டார். 1990இல் அவர் காதலித்த குர்ட் லின்க்கே, பிராட் பீக் மலையில் அவர் கண்ணெதிரிலேயே விழுந்து இறந்தார். அதன்பிறகும் அவர் நிற்கவில்லை. எஞ்சியிருந்த எட்டாயிரம் மீட்டர் சிகரங்களை ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிமுடிக்கும் திட்டம் ஒன்றை வகுத்தார். அதற்குக் கனவுகளின் வணிகச்சாத்து என்ற பொருளில் பெயரும் வைத்தார்.

அடுத்து மெஸ்னர். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களிலும் ஏறிய முதல் மனிதராக 1986இல் அறியப்பட்ட ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர், இத்தாலியின் தென் டிரோல் பகுதியில் ஃபுனெஸ் பள்ளத்தாக்கில் ஒன்பது பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்தவர். தந்தை யோசஃப் பள்ளி ஆசிரியர். போருக்குப் போய்வந்தவர், கடுமையானவர். ஒருநாள் தம்பி குந்தர், தந்தையிடம் சாட்டையடி பட்டு, நாய்க்கூண்டுக்குள் ஒடுங்கிக் கிடந்ததைத் தாம் கண்டதாக மெஸ்னர் சொல்லியிருக்கிறார். அச்சகோதரர்கள் இருவரும் அதன்பின் ஒரே கயிற்றில் ஏறுபவர்களானார்கள். 1970 ஜூன் 27இல் நங்கா பர்பத்தின் உச்சியை இருவரும் ஒன்றாகவே அடைந்தார்கள். இறங்கும் வழியில் குந்தர் இறந்தார். உறைபனியில் கால்விரல்கள் பலவற்றை இழந்து ரெய்ன்ஹோல்ட் மட்டும் திரும்பினார். தம்பியைக் கைவிட்டார் என்ற பழி 35 ஆண்டுகள் அவர்மேல் இருந்தது. 2005இல் டியாமிர் பக்கத்தில் குந்தரின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டபோது, இருவரும் அந்தப் பக்கமாகவே இறங்கினார்கள் என்ற அவருடைய கூற்றுக்கு வலு சேர்ந்தது.

இதே மெஸ்னரை ஐந்து வயதில் சாஸ் ரிகாய்ஸ் என்ற மூவாயிரம் மீட்டர் சிகரத்துக்கு அழைத்துச் சென்றவரும் அதே தந்தைதான். சாட்டையைப் பிடித்த கையே மலையையும் சுட்டிக்காட்டியது. எங்கள் விவாதத்தில் இந்தத் தகவலை எங்களால் எளிதில் கடந்துசெல்ல முடியவில்லை.

உளவியலாளர்களும் ஏறத்தாழ இவ்விடத்துக்கே வந்துசேர்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூ ஹார்டி, டிம் வுட்மன் முதலியோர் பிரிட்டிஷ் விளையாட்டு வீரர்களை ஆராய்ந்து 2017இல் ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டனர். மிக உயர்ந்த வெற்றிகளை மீண்டும் மீண்டும் பெற்ற 16 பேரையும், சர்வதேச அளவில் ஆடியும் அந்த உயரத்தை எட்டாத 16 பேரையும் நேர்கண்டு ஒப்பிட்ட ஆய்வு அது. முதற்குழுவினர் அனைவரின் பிள்ளைப்பருவத்திலும் ஒரு பெரும் இழப்போ துயரமோ இருந்தது. பலரும் இதை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. அத்துயரத்தை ஒட்டியே விளையாட்டு சார்ந்த ஒரு நல்ல நிகழ்வும் அவர்களுக்கு வாய்த்திருந்தது. ஒரு கதவு அடைபட்ட வேளையில் யாரோ வேறொரு கதவைத் திறந்திருக்கிறார்கள். அங்கே அக்குழந்தைக்கு, தான் எதற்கோ தகுதியானவன் என்ற உணர்வு கிடைத்திருக்கிறது.

இந்த ஆய்வை நாங்கள் பேசிக்கொண்டிருந்த நாளில், குழுவுக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞர் மிகுந்த உற்சாகத்துடன் சொன்னார்: "அப்படியென்றால் அந்தக் குண்டு வெடிக்காமல் போயிருந்தால் வாண்டா என்ற ஆளுமையே உருவாகியிருக்க மாட்டார். வலிதான் மனிதர்களைச் செதுக்குகிறது." இலக்கியக் கூட்டங்களில் எல்லோரும் தலையசைக்கக்கூடிய வாக்கியம்தான் இது. கலைஞர்களைப் பற்றியும் கவிஞர்களைப் பற்றியும் நாம் ஆண்டாண்டுகளாக இப்படித்தான் பேசிவருகிறோம்.

எங்களில் மூத்தவரான ஒரு நண்பர், அதுவரை பேசாதிருந்தவர், மெல்லச் சொன்னார்: "தம்பி, எனக்குப் பத்து வயசிருக்கும்போது என் தங்கை ஊர்க்குளத்தில் மூழ்கிச் செத்துப்போனாள். கரையில் நான்தான் இருந்தேன். அதற்குப்பிறகு நான் எந்தச் சிகரத்திலும் ஏறவில்லை. என் பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, அவர்கள் மூச்சு விடுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பப் படுப்பேன். அவர்களுக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. என்னை எது செதுக்கியது என்று யார் எழுதப்போகிறார்கள்?" அந்த இளைஞர் எழுந்துபோய் அவர் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். அன்று அதற்குமேல் எவரும் பேசவில்லை.

அந்நண்பர் சொன்னதைத் தர்க்கமாக எழுதினால் இவ்வளவுதான்: காயம்பட்டவர்களில் சிகரம் தொட்டவர்களின் கதை மட்டுமே நூலாகிறது. வெற்றி பெற்றோரிலிருந்து பின்னோக்கி நடந்தால் ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் ஒரு துயரம் தென்படலாம். துயரத்திலிருந்து முன்னோக்கி நடந்து பார்த்தால் அத்தடங்களில் ஆயிரத்தில் ஒன்றுகூட மலைக்குப் போவதில்லை. அன்று அந்த இடிபாடுகளில் இறந்தவன் யூரெக் மட்டுமல்லன், அவனோடு விளையாடிய பையன்களும் இறந்தார்கள். அந்த வீடுகளிலெல்லாம் எவரெஸ்ட் ஏறியவர்கள் தோன்றவில்லை. வாண்டாவுடனேயே வளர்ந்த தங்கையும் தம்பியும் இமயத்தைத் தேடிப் போகவில்லை. மெஸ்னரின் வீட்டில் ஒன்பது பிள்ளைகள். 14 சிகரங்களை ஏறியவர் ஒருவரே.

மேலும், தனிமனிதரின் அகக்காயத்தை மட்டுமே பார்க்கும் கண்ணுக்கு வரலாறு தெரியாமல் போய்விடுகிறது. போலந்து மலையேறிகளின் பொற்காலம் 1970களிலும் 80களிலும் நிகழ்ந்தது. 1980 பிப்ரவரி 17இல் லெஷெக் சிஹியும் கிஷிஷ்டோஃப் வியெலிட்ஸ்கியும் எவரெஸ்டைக் குளிர்காலத்தில் முதன்முறையாக ஏறினார்கள். எட்டாயிரம் மீட்டர் சிகரங்கள் பதினான்கையும் ஏறிய இரண்டாவது மனிதரான யெர்ஸி குகுச்காவும் அத்தலைமுறையினரே. அவர்களுடைய நாட்டில் கடவுச்சீட்டு எளிதில் கிடைக்காது, கடைகளில் பொருள் கிடைக்காது. தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்குக் கயிற்றில் தொங்கியபடி வண்ணம் பூசி, அந்தப் பணத்தில் இமயத்துக்குப் போனார்கள். சுதந்திரமின்மை, வறுமை, தோழமை, வலுவான மலையேற்றக் கழகங்கள் ஆகிய அனைத்தும் அவர்களை மேலே தள்ளின. ஷெர்ப்பாக்களை எடுத்துக்கொண்டாலோ இந்தக் கேள்வியே வேறாகிவிடுகிறது. டென்சிங் நோர்கே 13 பிள்ளைகளில் ஒருவர். அவருடன் பிறந்தோரில் பலர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். எனினும் அவருடைய மலையேற்றத்துக்கு அந்த இழப்புகளை எவரும் காரணமாகச் சொல்வதில்லை. ஷெர்ப்பா ஏறினால் அது பிழைப்பு, ஐரோப்பியர் ஏறினால் அது ஆன்மாவின் காயம் என்று பிரிப்பது, யாருக்கு அகம் உண்டு என்று தீர்மானிக்கும் பழைய பழக்கத்தின் தொடர்ச்சியன்றி வேறென்ன?

அப்படியானால் காயத்துக்கும் மலைக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது என்றே எண்ணுகிறோம். பாங்கர் ஆய்வாளர்கள் மலையேறிகளைப் பற்றித் தனியாகவும் ஆராய்ந்திருக்கிறார்கள். மலையேறிகள் பரபரப்பைத் தேடிப்போகிறவர்கள் என்ற பொதுநம்பிக்கையை அவர்கள் மறுக்கிறார்கள். வானிலிருந்து குதிப்போருக்கு அது ஓரளவு பொருந்தலாம். மலையேறிகளிடம் அவர்கள் கண்டது வேறு. அன்றாட வாழ்வில், குறிப்பாக நெருங்கிய உறவுகளில், தம் உணர்ச்சிகளை வெளிப்படுத்துவதும், தம் வாழ்வு தம் கையில் இருப்பதாக உணர்வதும் இவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. மலையில் அவை இரண்டும் கைகூடுகின்றன.

இதை நாங்கள் இவ்வாறு விளங்கிக்கொண்டோம். ஐந்து வயதில் குண்டுச்சத்தத்தைக் கேட்ட குழந்தை செய்வதற்கு எதுவும் இல்லை. அந்த அச்சத்துக்கு உருவம் இல்லை, பெயர் இல்லை. அது வீட்டிலும் தெருவிலும் உறக்கத்திலும் எங்கும் பரவியிருக்கிறது. பனிச்சரிவில் நிற்பவருக்கும் அச்சம் உண்டு. ஆனால் அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். இதோ இந்தப் பனி உடையலாம், இதோ இந்த மேகம் புயலாகலாம். அதற்கெதிராகச் செய்வதற்கும் ஏதேனும் இருக்கிறது. கயிற்றின் முடிச்சை இழுத்துப்பார்க்கலாம், பனிக்கோடாரியை இன்னும் ஆழமாக ஊன்றலாம், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கலாம். உருவமற்றிருந்த அச்சத்துக்கு மலை ஓர் உருவத்தைத் தருகிறது. கையற்று நின்ற குழந்தைக்குக் கைகளைத் தருகிறது. அது மெய்யான கொடைதான், குறைத்துச் சொல்ல மாட்டோம். கீழே வந்தபின் அந்த நிறைவு மெல்ல வடிந்துவிடுகிறது என்பதே சிக்கல். மீண்டும் ஏறவேண்டியிருக்கிறது.

அதன் விலையை ஏறுபவர் மட்டும் கொடுப்பதில்லை. 1982இல் எவரெஸ்டின் வடகிழக்கு முகட்டில் பீட்டர் போர்ட்மனுடன் மறைந்த ஜோ டாஸ்கரின் காதலி மரியா காஃபி, மலையில் இறந்தோரின் குடும்பங்களைப் பற்றி 2003இல் ஒரு நூல் எழுதினார். அதை வாசிக்கையில் எங்களுக்குள் ஒரு வட்டம் முழுமையானது. காயம்பட்ட குழந்தை மலைக்குப் போகிறது என்றால், மலையிலிருந்து திரும்பாதவரின் வீட்டில் இருப்பதும் ஒரு குழந்தைதான். அலிசன் ஹார்கிரீவ்ஸ் 1995 மே 13இல் துணையின்றி, செயற்கைப் பிராணவாயு இன்றி எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். மூன்று மாதங்கள் கழித்து ஆகஸ்ட் 13இல் கே2வின் உச்சியைத் தொட்டுத் திரும்பும்போது சூறைக்காற்றில் இறந்தார். அப்போது மகன் டாமுக்கு ஆறு வயது, மகளுக்கு நான்கு. டாம் பல்லார்ட் வளர்ந்து பெரும் மலையேறி ஆனார். ஆல்ப்ஸின் புகழ்பெற்ற ஆறு வடக்குச் சுவர்களை அவருடைய தாய் 1993இல் ஒரே பருவத்தில் தனியாக ஏறியிருந்தார். மகன் அதே பெயர்பெற்ற ஆறையும் 2014-15இல் ஒரே குளிர்காலத்துக்குள் தனியாக ஏறினார். 2019இல் நங்கா பர்பத்தின் மம்மரி முகட்டில், டேனியல் நார்தியுடன் சேர்ந்து இறந்தார். அவருக்கு வயது 30.

அவர் அம்மாவைத் தேடிப் போனாரா? அவ்வாறு எழுதுவது நமக்கு எளிது. மலைகளுக்கு நடுவிலேயே வளர்ந்த ஒருவர் தான் மிக விரும்பியதைச் செய்தார் என்பதும் அதே அளவு உண்மையாக இருக்கலாம். பெரியவர் ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் அவருடைய ஆறாம் வயதின் ஒரு நாளுக்குள் அடைத்துவிடுவது, அவர் பயின்ற கலையையும், எடுத்த முடிவுகளையும், கண்ட காலைகளையும் அவரிடமிருந்து பறித்துக்கொள்வதாகும். காயத்தைக் கொண்டாடுவது எவ்வளவு தவறோ, ஒருவரைக் காயமாகவே சுருக்குவதும் அவ்வளவு தவறு.

ஆகவே எங்களுக்கு எஞ்சிய முடிவு எளியதே. காயம் யாரையும் மலையேறி ஆக்குவதில்லை. காயம் ஓர் அமைதியின்மையை மட்டுமே தருகிறது. அது பெரும்பாலோரை நள்ளிரவில் எழுப்பிவிடும், சிலரைக் குடிக்கு அனுப்பும், சிலரைப் பிறர்மேல் கையோங்கச் செய்யும். வெகுசிலருக்கு அவ்வேளையில் யாரோ ஒருவர் ஒரு கயிற்றின் மறுமுனையை நீட்டுகிறார். 1961இல் வ்ரோத்ஸ்வாஃபில் பொறியியல் மாணவியாக இருந்த வாண்டாவை நண்பர்கள் சோகோலிகி பாறைகளுக்கு அழைத்துச் சென்றார்கள். அன்று அவர் பாறையில் கைவைத்ததும் தன் வாழ்க்கை தீர்மானமாகிவிட்டதாக உணர்ந்தார். நாம் நன்றி சொல்ல வேண்டியது அந்த நண்பர்களுக்கு. குண்டுக்கோ சாட்டைக்கோ அல்ல. பிள்ளைகளை அடித்து வளர்த்ததனால்தான் அவர்கள் முன்னேறினார்கள் என்று இன்றும் பெருமையுடன் சொல்லும் வீடுகள் நம்மிடையே உள்ளன என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிபட்ட பிள்ளை முன்னேறியிருந்தால், அது அடியையும் மீறி நிகழ்ந்தது. அதற்கு வேறு யாரோ காரணமாக இருந்திருப்பார்கள்.

1992 மே மாதம், 49 வயது வாண்டா கஞ்சன்ஜங்காவில் இருந்தார். அது வெற்றிகரமாக முடிந்திருந்தால் அவருடைய ஒன்பதாவது எட்டாயிரம் மீட்டர் சிகரமாக அமைந்திருக்கும். மெக்சிகோவைச் சேர்ந்த இளம் மலையேறி கார்லோஸ் கார்சோலியோ உச்சியை அடைந்து இறங்கி வரும்போது, எட்டாயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் ஒரு பனிக்குழிக்குள் அவர் ஒதுங்கியிருக்கக் கண்டார். அடுப்பில்லை, உணவில்லை. இரவை அங்கேயே கழித்து மறுநாள் ஏறப்போவதாக வாண்டா சொன்னார். கீழே வாருங்கள் என்று அவரை வற்புறுத்தும் மனவலிமை தமக்கு அப்போது இல்லாமல் போயிற்று என்று கார்சோலியோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய ஆளுமையிடம், தன்னைவிட இருபது வயது மூத்தவரிடம், அதை எப்படிச் சொல்வது? அவர் மட்டும் இறங்கினார். வாண்டாவை அதன்பின் எவரும் காணவில்லை.

இடிபாடுகளுக்கு நடுவே ஐந்து வயதில், வீட்டுக்குப் போ என்று துரத்தியவர்கள் இருந்ததனால் அவர் பிழைத்தார். இந்தக் கோட்டையும் நாங்கள்தான் இழுக்கிறோம் என்பதை அறிவோம். ஆயினும் அந்தப் பனிக்குழியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், போதும், இறங்கி வா அக்கா என்று உரிமையுடன் அதட்டிச் சொல்ல அங்கே ஒருவர் இருந்திருக்கக் கூடாதா என்று எங்களில் யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை.